மூக்குக்கண்ணாடிக்காகப் பதவி துறந்தவர்

ஓர் அமைச்சர் எதற்காகப் பதவி துறப்பார்? போரை எதிர்த்துத் துறந்தவர் உண்டு. கட்சிப் பூசலால் துறந்தவர் உண்டு. ஏழையின் மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் காசு கேட்கலாகாது என்று துறந்தவர் அனைரின் பெவன். பிரிட்டனின் தேசிய மருத்துவத் திட்டத்தை நிறுவியவர் அவர். பௌதிகம் பயிலும் எனக்கு அவர் வாழ்க்கையில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு கணக்கை எப்படிப் படிப்பது என்னும் பாடம் அதில் இருக்கிறது.

பெவன் 1897 நவம்பர் 15-இல் வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் உள்ள டிரெடிகர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, மக்கள் பதின்மர். பதின்மூன்று வயதில் பெவனும் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். திக்குவாய் இருந்தும் விடாமுயற்சியால் நாவன்மை பெற்றார். நிலக்கரித் தூசு நுரையீரலைக் கெடுத்ததால் 1925-இல் தந்தை மாண்டார்.

டிரெடிகரில் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. தொழிலாளர் தம் கூலியில் சில பென்னிகளைச் செலுத்தினர்; நோயுற்றபோது சங்கம் குடும்பத்தார் அனைவருக்கும் வைத்தியம் பார்த்தது. நாட்டின் பிற பகுதிகளில் இருந்ததோ 1911-ஆம் ஆண்டின் இன்ஷ்யூரன்ஸ் சட்டம். கூலி வாங்குபவனுக்கு அது வைத்தியரைத் தந்தது. மனைவி மக்களைக் கைவிட்டது.

நோய் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு வரும் என்பதை ஓரளவு மதிப்பிடலாம். எனவே பலர் சிறிது சிறிதாகச் சேர்த்தால் சிலருடைய பெருஞ்செலவைத் தாங்கிவிடலாம். ஆனால், சந்தா கட்டியவருக்கே உதவி என்றால் கட்ட இயலாதவர் கதி என்ன? ஆகவே நாடு முழுவதையும் ஒரே சங்கமாக்கி, செலவைப் பெரும்பாலும் பொது வரியிலிருந்து தருவது பெவன் கண்ட வழி.

1929-இல் பாராளுமன்றம் புகுந்த அவர், 1945-இல் சுகாதார அமைச்சரானார். 1946-இல் சட்டம் நிறைவேறியது. மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தனர். 1948 பிப்ரவரியில் வாக்களித்தவருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் திட்டத்தை மறுத்தனர். பெவன் சில இடங்களில் விட்டுக் கொடுத்தார். அரசு மருத்துவமனைகளிலேயே சொந்த நோயாளிகளிடம் பணம் பெற்றுக்கொள்ள நிபுணர்களுக்கு இசைவளித்தார். 1948 ஜூலை 5-இல் திட்டம் தொடங்கியது.

செலவு மதிப்பீட்டை மீறியது. முதல் ஆண்டில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. இலவசம் என்றால் வீண் செலவுதான் என்றனர் சிலர். ஆனால், அந்த ஓராண்டிலா அத்தனை பேருக்கும் பார்வை மங்கியது? காசில்லாமல் பல ஆண்டுகள் பொறுத்திருந்தவர்கள் முதன்முறையாகக் கணக்கில் வந்தார்கள். புதிய அளவுகோல் பழைய துன்பத்தைக் காட்டியது என்றே நான் கொள்கிறேன்.

1951-இல் கொரியப் போரையொட்டி ஆயுதச் செலவு பெருகிற்று. நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் பாதி விலை வசூலிக்க முடிவு செய்தார். அவ்வாண்டில் மிஞ்சுவது 1 கோடியே 30 லட்சம் பவுன். தொழில் அமைச்சராக இருந்த பெவன், ஏப்ரலில் பதவி விலகினார். ஆயுதச் செலவின் அளவையும் அவர் எதிர்த்தார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

பின்வந்த அரசு, செலவை ஆராயக் கேம்பிரிட்ஜ் அறிஞர் கில்லபோ தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1956-இல் வந்த அறிக்கை பலரை வியக்க வைத்தது. தேசிய வருமானத்தில் இத்திட்டத்தின் பங்கு 1949–50-இல் 3.75 சதவீதம், 1953–54-இல் 3.25 சதவீதம்! பவுன் கணக்கு ஏறியது. நாட்டின் சுமையோ குறைந்திருந்தது.

பெவன் 1960 ஜூலை 6-இல் காலமானார். திட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்த மறுநாள் அது. அவர் எதிர்த்த கட்டணம் ஒழியவில்லை. இங்கிலாந்தில் இன்றும் பெரியவர் பலர் பல்லுக்கும் கண்ணாடிக்கும் பணம் தருகின்றனர். ஆயினும் நோயாளி வைத்தியரைக் காணவும் மருத்துவமனையில் படுக்கவும் காசு எடுத்துச் செல்வதில்லை.

மருத்துவச் செலவு ஏறிவிட்டது என்று எவரேனும் சொன்னால், இனி நாம் ஒன்று கேட்போம்: முன்பு அச்செலவை யார், எங்கே, எப்படிச் சுமந்தார்கள்?