பொற்காசுகளைப் படித்த எலியட் துரை

குன்னூரை அடுத்த ஜெகதளா முதலான படகர் ஊர்கள் நிறைந்த நீலகிரியில் முற்காலத்தில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. உயிர் பிரியும் தறுவாயில் உள்ளவரின் வாயில், நெய்யில் தோய்த்த ஒரு சிறு பொற்காசை இடுவார்கள். அதற்கு வீரராய பணம் என்று பெயர். அரை கிராம் எடைகூட இல்லாத அந்தக் காசு, மலையாளக் கரையில் வழங்கி மலையேறி வந்தது. கடைவீதியில் செல்லாக் காசாகிப் போன பின்பும் அதன் மதிப்பு மட்டும் குறையவில்லை!

பழங்காசின் மதிப்பு தங்கத்தின் எடையோடு முடிந்து விடுவதில்லை. இந்த உண்மையைத் தென்னிந்திய நாணயங்களைக் கொண்டே விளக்கிக் காட்டியவர் சர் வால்டர் எலியட்.

1803-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்த எலியட், 1821-ல் கம்பெனி உத்தியோகஸ்தராகச் சென்னையில் வந்து இறங்கினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1818-ல், சென்னை ராஜதானியில் வராகனுக்குப் பதிலாக வெள்ளி ரூபாய் பிரதான நாணயமாகியிருந்தது. செலாவணி இழந்த பொற்காசுகளுக்குத் தட்டானின் மூசையே கதி என்ற நிலை.

சேலத்தில் உதவி கலெக்டராகச் சிறிது காலம் இருந்த எலியட், பிறகு தார்வார் பக்கம் மாற்றப்பட்டார். 1824-ல் கிட்டூர் ராணி சென்னம்மாவின் படையிடம் சிறைப்பட்டு மீண்டார். அத்தனைக்கும் பிறகும் அந்த நாட்டை அவர் வெறுக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுக்குப் பிரதி எடுத்தார். கல்லில் கண்ட அரச வம்சங்களைக் காசிலும் தேடினார்.

பொற்காசைச் சோதிப்பதில் நம் நாட்டு வண்ணக்கர்களும் சராப்புகளும் கைதேர்ந்தவர்கள். உரைகல்லில் இழைத்து மாற்றுப் பார்ப்பார்கள். தராசில் எடை பார்ப்பார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது பழைய கணக்கு. ஒரு வராகன் சுமார் மூன்றரை கிராம் இருக்க வேண்டும். குறைந்தால், கை மாறி மாறித் தேய்ந்திருக்கும். அல்லது யாரோ ஓரத்தை அராவியிருப்பார்கள். சராப்புக்கு அதோடு வேலை முடிந்தது.

ஆராய்ச்சியாளனுக்கோ அங்கேதான் வேலை ஆரம்பம். காசில் பன்றி இருந்தால் சாளுக்கியர், மீன் இருந்தால் பாண்டியர், புலி இருந்தால் சோழர், யானையும் வில்லும் சேரர் என்று சின்னம் வழி காட்டும். முத்திரை ஆழமாக விழுந்திருக்கிறதா, எழுத்து தேயாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பளபளப்புக்காகத் தேய்த்த காசில் தங்கம் மின்னும், சரித்திரம் அழிந்துவிடும். மங்கிய காசில் பிழைத்திருக்கும் ஓர் எழுத்து, மறந்துபோன ஓர் அரசனை மீட்டுத் தரக்கூடும்.

1845-ல் அமராவதி ஸ்தூபியை அகழ்ந்தவரும் எலியட்தான். அங்கு கிடைத்த சிற்பங்கள் பின்னர் கடல் கடந்து லண்டன் பொருட்காட்சிசாலையை அடைந்தன. அவர் சேர்த்த நாணயங்களும் அங்கேயே சேர்ந்தன. உருகிப் போகாமல் அவை தப்பின என்பது உண்மை. பிறந்த மண்ணில் இல்லை என்பதும் உண்மை.

1860-ல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பியவருக்கு முதுமையில் கண் பார்வை மங்கியது. காசின் நுண்ணிய கோடுகளைக் காண்பதையே இன்பமாகக் கொண்டவருக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? ஆனாலும் அவர் சோரவில்லை. எண்பது வயதைத் தாண்டிய பின், 1886-ல், தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளிவந்தது. பின்வந்த நாணய ஆராய்ச்சிக்கெல்லாம் அது ஓர் அஸ்திவாரம்.

1887 மார்ச் 1-ந் தேதி. ஒரு காலத்தில் உதகமண்டலத்தில் பள்ளி நடத்திய தமிழறிஞர் ஜி. யு. போப்புக்கு எலியட் ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்தார்; தம் கையாலேயே ஒப்பமிட்டார். போப்பின் திருக்குறள் பதிப்பைப் பற்றிய பேச்சு அதில் இருந்தது. அன்று மாலையே அவர் ஆவி பிரிந்தது. தமிழ் நாட்டை விட்டு இருபத்தேழு ஆண்டுகள் ஆன பின்பும், அவருடைய கடைசி நாளின் சிந்தனை தமிழைச் சுற்றியே இருந்தது.