வயலினை அளந்த கணக்கு அதிகாரி

வங்காளியில் பெஹாலா என்றால் வயலின் என்றும் பொருள். அந்த வயலினைச் சோதனைச் சாலையில் வைத்து ஆராய்ந்தவர், 1888-ல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன்.

1907-ல் நிதி இலாகா அதிகாரியாகக் கல்கத்தா வந்த அவர், ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் விஞ்ஞானச் சங்கத்தில் உழைத்தார். 1917-ல் பெரிய சம்பளத்தை விட்டுக் கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியரானார்.

1920 வாக்கில் வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அதில் வில் நிலையாக நிற்கும், வயலினே நகரும். வேகம் கூடினால், வில் தந்தியை அழுத்தும் விசையும் கூடவேண்டும். இல்லையேல் தந்தி பிடி நழுவி, நாதம் கெடும் என்று அளந்து காட்டினார்.

1930-ல் ஒளி ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார், 1970-ல் மறைந்தார். விசைப் பாடம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஆபீஸ்காரரின் கதையையும் சொல்லி வைப்போம்.