சலவை அறையிலிருந்து செவிலியர் பள்ளிக்கு

அமெரிக்காவில் முறையான பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் மேரி எலைசா மஹோனி. இந்த ஒற்றை வரியோடு அவரைக் கடந்துவிடுகிறோம். அதற்கு முந்தைய ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வட கரோலினாவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1845இல் பாஸ்டனில் பிறந்தவர் அவர். செவிலியராக வேண்டும் என்ற முடிவைப் பதின்ம வயதிலேயே எடுத்துவிட்டார். ஆனால், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தவை சமையல், துப்புரவு, சலவை வேலைகளே. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கு உழைத்த பின்னரே, 1878இல், தமது 33ஆம் வயதில், அதே மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைய முடிந்தது. பயிற்சிக் காலம் 16 மாதங்கள். உடன் சேர்ந்தவர்களுள் மிகச் சிலரே 1879இல் தேறினர்; அவர்களுள் ஒருவர் மஹோனி.

சான்றிதழும் இழிவைத் துடைத்துவிடவில்லை. தனியார் இல்லங்களில் நோயாளிகளைப் பேணச் சென்றபோது, கறுப்பினச் செவிலியரை வேலைக்காரியாகவே நடத்தினர். எனவே வீட்டுப் பணியாளர்களோடு அமராமல் சமையலறையில் தனியே உண்டார். அப்பணியாளர்களும் உழைக்கும் மக்கள்தாமே என்ற உறுத்தல் நமக்கு எழாமல் இல்லை. எனினும், தொழிலால் தம்மை அடையாளப்படுத்த அவருக்கு வேறு வழியை அவ்வீடுகள் விட்டுவைக்கவில்லை என்றே கருதுகிறோம்.

1908இல் கறுப்பினச் செவிலியருக்கான தேசியச் சங்கம் உருவாவதில் பங்கேற்றார். மறு ஆண்டு பாஸ்டனில் கூடிய அதன் முதல் மாநாட்டில் வரவேற்புரை ஆற்றினார். 1926இல் மறைந்தார். அச்சங்கம் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தோடு இணைந்தது 1951இல்.