கராச்சி முதல் சென்னை வரை

கராச்சிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவு உள்ளது. நாடு பிரிக்கப்படாத அக்காலத்தில், இலண்டனிலிருந்து வானூர்தியில் வந்த அஞ்சல் கராச்சியில் இறக்கப்பட்டது. அங்கிருந்து தென்னகத்திற்குத் தொடர்வண்டியிலேயே வந்தது. கடலையும் பாலையையும் பறந்து கடந்த கடிதம், நம் நாட்டிற்குள் வந்தபின் தரையில் ஊர்ந்தது. இந்நிலையை மாற்றியவர் ஜே.ஆர்.டி. டாட்டா.

இவர் 1904 சூலை 29 ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் பார்சி, தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் முதன்முதலில் கடந்த பிளேரியோவுக்கு, இக்குடும்பம் கோடை விடுமுறையைக் கழித்த கடற்கரை ஊரில் ஓர் இல்லம் இருந்தது. அங்கு வானூர்திகளைக் கண்ட சிறுவனின் உள்ளம் வானையே நாடியது. 1929 பிப்ரவரி 10 அன்று, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் வானோட்டி உரிமம் இவருக்குக் கிடைத்தது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர் எதிர்த்திசையில் இலண்டனிலிருந்து வந்தார். எகிப்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் வானூர்தி, தீப்பொறிச் செருகிகள் பழுதுற்று நின்றிருந்தது. தம்மிடம் உபரியாக இருந்தவற்றை டாட்டா எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பியே பரிசு பெற்றார்! பின்னாளில் அவர் இந்திய வான்படைத் தளபதியானார். டாட்டா வென்ற பல பரிசுகளைவிட, அவர் இழந்த இப்பரிசே நினைவில் நிற்கிறது.

1932 அக்டோபர் 15 அன்று காலை, ஒற்றை இயந்திரம் பூட்டிய 'புஸ் மாத்' வானூர்தியில் 25 கிலோ அஞ்சலுடன் டாட்டா கராச்சியிலிருந்து தனியே எழுந்தார். வழிகாட்ட வானொலிக் கருவி இல்லை. அகமதாபாத்தில் இறங்கியபோது, எரிபொருள் தகரக் கலன்களில் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது! நண்பகலுக்குப் பின் பம்பாய் ஜூகு திடலில் இறங்கினார். ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. தொலைவைக் கடக்க, இடையில் தங்கிய நேரமும் சேர்த்து, ஏழு மணிக்குச் சற்று மேலாயிற்று. அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டு சென்றார். மாணவர்களே, இவ்வூர்களை வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள்.

ஜூகு வெறும் சேற்றுத் திடல். மழைக்காலத்தில் நீர் தேங்கியதும் பணியைப் பூனாவுக்கு மாற்றினர், அஞ்சல் நிற்கவில்லை.

இச்சிறு நிறுவனமே வளர்ந்து ஏர் இந்தியா ஆயிற்று. 1948 சூனில் அதன் வானூர்தி பம்பாயிலிருந்து கெய்ரோ, செனீவா வழியாக இலண்டன் சென்றது. 1953 இல் அரசுடைமையான பின்பும், 1978 வரை டாட்டாவே தலைவராக இருந்தார்.

முதற்பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1982 அக்டோபர் 15 அன்று, எழுபத்தெட்டு வயதில், பழங்காலச் சிறு வானூர்தியில் மீண்டும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியே பறந்தார். 1992 இல் பாரத ரத்னா விருது பெற்ற டாட்டா, 1993 நவம்பர் 29 ஆம் நாள் செனீவாவில் காலமானார்.