வெப்பத்தோடு போராடிய டீசல்

கடலூர் துறைமுகத்து விசைப்படகுகளுக்கு ஊற்றும் டீசல், ஒரு மேதையின் பெயரென்பதை நம்மில் பலர் அறியோம்.

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு பாரிஸில் எளிய குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்று முனிச்சில் பொறியியல் பயின்றார். நீராவி இயந்திரம் வெப்பத்தின் பெரும்பகுதியை வீணாக்குவது அவர் உள்ளத்தை உறுத்தியது. தம் இயந்திரத்திற்குக் குளிர்விக்கும் நீரே வேண்டாமென்று முதலில் நம்பினார். 1893-இல் ஆக்ஸ்பர்க்கில் உருவான முதல் இயந்திரம் அவ்வாறே அமைந்தது. சோதனைகள் வேறு பாடம் புகட்டின. தயங்காமல் கருத்தை மாற்றி, உருளையைச் சுற்றி நீர் ஓடும் உறையை அமைத்தார். 1897-இல் அவரது இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை வேலையாக மாற்றி உலகை வியக்க வைத்தது.

எஞ்சிய வெப்பம் புகை, நீர், எண்ணெய் வழியே வெளியேற வேண்டும். எஞ்சின் ஆயில் மிகச் சூடானால் நீர்த்துவிடும். பேரிங்கைக் காக்கும் எண்ணெய்ப் படலம் அறுந்து, நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். மிகக் குளிர்ந்தாலோ கெட்டியாகி, எளிதில் ஓடாது. ஆதலால் கப்பல்களில் ஆயில் கூலர், கடல்நீரின் குளிர்ச்சியைக் கொண்டு எண்ணெயின் சூட்டை அளவோடு வைக்கிறது.

1912-இல் செலாண்டியா என்னும் பெருங்கப்பல் டீசல் எஞ்சினால் கடல் கடந்தது. மறு ஆண்டு செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து டீசல் மறைந்தார். கடல் அவரைக் கொண்டது. அவர் தந்த எஞ்சினோ நம் மீனவரை நாள்தோறும் கரை சேர்க்கிறது.