கட்டுரைக்கும் முகவரி தந்தவர்

நூலகத்தில் ஒரு நூலைத் தேடி எடுப்பது எளிது. அதன் முதுகில் பெயர் இருக்கும்; அடுக்கில் அதற்கென்று ஓர் இடமும் இருக்கும். ஆய்விதழில் வெளிவந்த கட்டுரைக்கு அந்த வசதி இல்லை. ஓராண்டின் இதழ்களை ஒன்றாகச் சேர்த்துத் தடித்த அட்டையிட்டுக் கட்டிவிடுவார்கள். முதுகில் இதழின் பெயரும் ஆண்டும் மட்டுமே தெரியும். உள்ளே நூறு கட்டுரைகள் இருந்தாலும் அவற்றுள் ஒன்றின் பெயரும் வெளியே தெரியாது. தம் நோயாளிக்கு வேண்டிய செய்தி அந்த நூறில் ஒன்றில் இருப்பதை அறியாமலேயே ஒரு மருத்துவர் அந்த அடுக்கைக் கடந்து போய்விடக்கூடும். அவரைப் பொறுத்தவரை அக்கட்டுரை எழுதப்படாததற்கே ஒப்பாகும். இக்குறையைத் தீர்ப்பதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒரு கணித ஆசிரியர். அவரே சீர்காழி இராமாமிருத அரங்கநாதன்.

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு, அக்காலத் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஊர்ப்பள்ளியில் படித்து முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியரை இறுதிவரை தம் குருவாகவே போற்றினார். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. ஆயினும் ஆசிரியத் தொழிலையே விரும்பினார். பயிற்சியால் அக்குறையையும் வென்றார். 1917 முதல் மங்களூர், கோவை, சென்னை ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார்.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு ஒரு நூலகரைத் தேடியது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர் என்பர். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் அரிது. அரங்கநாதனும் பெறவில்லை. நேர்முகத் தேர்வுக்குச் சில நாள்களுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவருடைய முன்னறிவு முழுவதும். ஒரே ஒரு கட்டுரை உரிய நேரத்தில் கைக்குக் கிடைத்தால் என்ன நேரும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாக அமைந்துவிட்டது.

1924 சனவரியில் அவர் பதவியேற்றார். வகுப்பறையின் கலகலப்பில் பழகிய அவருக்கு, ஆள் நடமாட்டமற்ற நூலகம் சிறைபோலத் தோன்றியது. சில நாள்களிலேயே தம் பழைய கல்லூரிக்கு ஓடிச்சென்று, ஆசிரியப் பணியைத் திரும்பத் தருமாறு கல்லூரி முதல்வரிடம் மன்றாடினார். இலண்டனுக்குச் சென்று நூலகப் படிப்பை முடித்து வரட்டும், அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் கல்லூரிக்கே திரும்பலாம் என்று ஏற்பாடாயிற்று. அந்த வாய்ப்பு அவருக்குப் பின்னர் தேவைப்படவே இல்லை.

இலண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் அவர் வகைப்பாட்டியல் பயின்றார். வகுப்பறையைவிட நூலகங்களே அவருக்கு மிகுதியாகக் கற்பித்தன. நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்த்தார். பெரும்பாலானவற்றில் நூல்களை வகைப்படுத்த, முன்பே எழுதி வைத்த நீண்ட பட்டியல் ஒன்றைப் பயன்படுத்தினர். ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஓர் எண் உண்டு. பட்டியலில் இல்லாத புதுப்பொருள் வந்தால் அருகிலிருக்கும் ஏதோ ஓர் எண்ணில் அதைத் திணிக்க வேண்டியதுதான். நூல்களுக்கு இது ஓரளவு போதும். கட்டுரைகளோ பெரும்பாலும் புதுப்பொருளைப் பற்றியவை. அதிலும் மிக நுண்ணிய பொருளைப் பற்றியவை.

இதற்கான விடை அவருக்கு ஒரு கடையில் கிடைத்தது. இலண்டனின் பெரிய அங்காடி ஒன்றில், மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் காட்சிக்கு வைத்திருந்தனர். துளையிட்ட சில தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பாலம், வண்டி, பாரந்தூக்கி என எதையும் கட்டலாம். சிறுவர்கள் அதைக் கண்டு வியந்து நிற்க, கணித ஆசிரியரோ வேறொன்றைக் கண்டார். முழு எண்களின் பட்டியல் எதற்கு? பொருளின் கூறுகளுக்கு மட்டும் எண்களைக் கொடுத்துவிட்டால், எந்தக் கட்டுரை வந்தாலும் வேண்டிய கூறுகளை இணைத்து அதற்கான எண்ணை அப்போதே கட்டிக்கொள்ளலாமே என்று எண்ணினார். கூறுகளைப் பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளியைத் தேர்ந்தார். முக்காற்புள்ளிக்கு ஆங்கிலத்தில் கோலன் என்று பெயர். ஆகவே 1933இல் வெளிவந்த அவருடைய முறை கோலன் பகுப்புமுறை எனப்பட்டது.

அது செயற்படும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நுரையீரல் காசநோயை எக்ஸ் கதிரால் குணப்படுத்துவது பற்றி, இந்தியாவில் 1950ஆம் ஆண்டளவில் நடந்த ஆய்வு ஒன்றைக் கூறும் கட்டுரை வந்திருக்கிறது என்று கொள்வோம். மருத்துவத்திற்கு ஓர் எழுத்து உண்டு. அதனைத் தொடர்ந்து நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ் கதிருக்கு 253, இந்தியாவுக்கு 44 என்னும் எண்கள் வரும். ஆய்வுக்கும் காலத்திற்கும் உரிய குறிகளும் சேரும். இவற்றை உரிய நிறுத்தக்குறிகளால் இணைத்தால் அக்கட்டுரையின் முழு முகவரி கிடைத்துவிடும். பிற்காலப் பதிப்புகளில் இக்கூறுகளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படை வகைகளுள் அடக்கினார். முதலில் கேட்பவருக்கு இது மலைப்பாகத்தான் இருக்கும். அஞ்சல் முகவரியில் வீட்டு எண், தெரு, ஊர், மாநிலம் என்று அடுக்கி எழுதுவதை நினைத்துக்கொண்டால் மலைப்பு நீங்கிவிடும்.

சென்னை திரும்பிய அரங்கநாதன் நூலகத்தின் கதவுகளை அகலத் திறந்தார். வாசகர்கள் தாமே அடுக்குகளுக்கிடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்க வழிசெய்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் உழைத்தார் என்பர். நூலகத்திற்கான ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். நூல் பூட்டி வைப்பதற்கன்று என்பது அவற்றின் தொடக்கம்; வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது. அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு நூல்களை ஏற்றிச் சென்ற மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

இப்பெரும்பணிகளுக்கு நடுவே அவர் செய்த ஒரு சிறுபணி அதிகம் பேசப்படுவதில்லை. நூலகத்திற்கு வரும் இதழ்களுள் ஏதேனும் ஓர் இதழ் அஞ்சலில் தவறிவிட்டால், அதிலுள்ள கட்டுரைகள் அனைத்தும் அந்நூலகத்திற்கு இல்லாமற் போகும். பல மாதங்கள் கழித்துக் கேட்டாலோ வெளியீட்டாளரிடமும் படி இருப்பதில்லை. இதனைத் தடுக்க ஒவ்வோர் இதழுக்கும் மூன்று அட்டைகள் எழுதும் முறையை அவர் உருவாக்கினார். முதல் அட்டையில் வந்து சேர்ந்த ஒவ்வோர் இதழும் பதியப்படும். மூன்றாம் அட்டை பொருள் வாரியாக அடுக்கப்பட்டு, எந்தெந்தத் தொகுதிகள் இருப்பில் உள்ளன என்று காட்டும். நடுவிலுள்ள அட்டைதான் நுட்பமானது. அது, அடுத்த இதழ் எந்த வாரத்தில் வர வேண்டுமோ அந்த வாரத்தின் பெயருக்குப் பின்னால் வைக்கப்படும். இதழ் வந்ததும் குறித்துக்கொண்டு, அட்டையை அடுத்து வர வேண்டிய வாரத்திற்கு நகர்த்திவிட வேண்டும். வாரம் முடிந்தபின் ஓர் அட்டை நகராமல் அங்கேயே நின்றால், அந்த இதழ் வரவில்லை என்று பொருள். உடனே வெளியீட்டாளருக்கு நினைவூட்டுக் கடிதம் போகும். நினைவாற்றலை நம்பியிராமல் அட்டையையே பேச வைத்த முறை அது.

1934இல் அவர் எழுதிய பட்டியலாக்க விதிநூலும் அத்தகையதே. ஒரு நூலுக்கு ஒரே ஒரு பதிவு போதாது என்றார் அவர். நூலினுள் ஓர் இயல் வேறொரு பொருளைப் பற்றிப் பேசினால், அப்பொருளின் கீழும் ஒரு பதிவு எழுதி, இன்ன நூலில் இன்ன பக்கம் பார்க்க என்று வழிகாட்ட வேண்டும் என விதித்தார். ஓர் இதழ் பெயர் மாறினால், இரண்டு இதழ்கள் ஒன்றாக இணைந்தால், ஒன்று இரண்டாகப் பிரிந்தால் அவற்றை எவ்வாறு பதிவது என்பதற்கும் விதிகள் கூறினார்.

அந்நூலில் அவர் ஆழ்ந்து ஆராய்ந்த சிக்கல்களுள் ஒன்று இந்தியப் பெயர்கள். ஐரோப்பியப் பெயரில் குடும்பப் பெயர் இறுதியில் நிற்கும். அதன்கீழ்ப் பதிந்தால் தொல்லை இல்லை. அவ்வழக்கத்தைத் தமிழ்ப் பெயரின்மேல் ஏற்றினால் என்னாகும்? சீர்காழி என்பது ஊர், இராமாமிருதம் தந்தை, அரங்கநாதன் என்பதே அவருக்கு இட்ட பெயர். இம்மூன்றில் குடும்பப் பெயர் ஒன்றுமில்லை. வெளிமாநிலப் பள்ளியில் சேரும் தமிழ்க் குழந்தையின் படிவத்தில் குடும்பப் பெயர் என்னும் கட்டத்திற்கு வந்ததும் பெற்றோரின் பேனா சற்றுத் தயங்குவது இதனால்தான். பெயர் தவறான சொல்லின்கீழ்ப் பதியப்பட்டால் அவர் எழுதிய கட்டுரைகள் அவருடையவை என்றே தெரியாமற் போகும். ஆகவே தென்னிந்தியப் பெயர்களைப் பதிவதற்கென்று தனி விதியை வகுத்தார் அரங்கநாதன். இட்ட பெயரே முன்னிற்க வேண்டும். ஊரும் தந்தை பெயரும் பின்னால் வர வேண்டும். இறுதிச்சொல் ஐயர், முதலியார் போன்ற சாதிப்பெயராக மட்டும் இருந்தால் அதனைத் தனித்து முன்னிறுத்தக் கூடாது. ஒரு மக்களின் பெயரிடும் வழக்கத்திற்குப் பட்டியல் பணிய வேண்டுமேயன்றிப் பட்டியலுக்கு மக்கள் பணிய வேண்டியதில்லை என்பது இவ்விதியின் உட்பொருள்.

சென்னைப் பணியிலிருந்து விலகியபின் அவர் வடநாடு சென்றார். வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அப்போது இருந்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். அவர் அழைப்பை ஏற்று 1945இல் அங்கே சேர்ந்த அரங்கநாதன், ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாம் ஒருவராகவே வகைப்படுத்திப் பட்டியலிட்டார். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று நூலகவியல் கற்பித்தார். சென்னை மாகாணம் 1948இல் இயற்றிய பொது நூலகச் சட்டம் அவருடைய நெடுநாள் உழைப்பின் பயன்.

தில்லியிலிருந்த ஆண்டுகளில் கட்டுரைகளைப் பற்றிய அவருடைய கவலை மேலும் வலுத்தது. நூலாக வெளிவரும் வரை ஓர் அறிவியலாளர் காத்திருக்க முடியாது. அவருக்கு வேண்டியது இன்று அச்சான கட்டுரை. நாட்டின் அறிவியலாளர்களுக்கு உலகெங்கும் வெளிவரும் கட்டுரைகளைத் தேடித்தரத் தேசிய அளவில் ஒரு மையம் வேண்டுமென அவர் வலியுறுத்தினார். 1952இல் இன்ஸ்டாக் என்னும் தேசிய அறிவியல் ஆவண மையம் தில்லியில் தோன்றியது.

கட்டுரைக்குத் தேடுசொற்களை அமைக்கவும் அவர் ஒரு வழி கண்டிருந்தார். அதற்குச் சங்கிலிச் சொல்லடைவு என்று பெயர். முன்பு கண்ட காசநோய்க் கட்டுரையின் எண்ணில் ஒவ்வொரு கூறும் ஒரு கண்ணி. கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கழற்றி, எக்ஸ் கதிர், சிகிச்சை, காசநோய், நுரையீரல், மருத்துவம் என ஒவ்வொன்றின்கீழும் ஒரு பதிவு எழுதினால், வாசகர் எந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு வந்தாலும் கட்டுரையைச் சென்றடைவார். 1950இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய நூற்பட்டியல் இம்முறையைப் பல ஆண்டுகள் கையாண்டது.

ஒரு லட்சம் ரூபாயைத் தம் சேமிப்பிலிருந்து எடுத்து, நூலகவியல் பேராசிரியர் பதவி அமைக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இறுதிக்காலத்தைப் பெங்களூரில் கழித்தார். அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பகுதியாக 1962இல் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவி, எழுபது வயதிலும் மாணவரோடு அமர்ந்து கட்டுரைகளின் கூறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நூலக மேசைகளில் கணினி பரவலாக இடம்பெறும் முன்பே, 1972இல் மறைந்தார்.

இன்று அட்டைப்பெட்டிகள் மறைந்து, நூல் விவரத் தரவுத்தளச் செயலிகள் வந்துவிட்டன. புதிய கட்டுரை ஒன்றைச் சேர்க்க முற்பட்டால் ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, இதழ் எண், ஆண்டு, பக்கங்கள், தேடுசொற்கள் எனக் கட்டங்கள் விரிகின்றன. கட்டத்தை நிரப்பும் கைகள் மாறினால் பதிவுகளும் மாறிவிடுகின்றன. அரங்கநாதனின் கட்டுரைகளையே எடுத்துக்கொண்டால், ஒருவர் ஆங்கில முன்னெழுத்துகள் இரண்டோடு பதிவார். ஒருவர் சீர்காழியை விரித்து எழுதுவார். தமிழில் பதியும்போது ஒருவர் அரங்கநாதன் என்றும் மற்றொருவர் ரங்கநாதன் என்றும் எழுதுவார். கணினிக்கு இவர்கள் நால்வர். நால்வரையும் ஒரே பெயரின்கீழ் இணைத்து, அவருடைய கட்டுரைகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் வேலை, இன்றும் ஒரு நூலகரின் மேசையில் காத்திருக்கிறது.