சுழலும் மண்ணும் விண்மீனும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். சக்கரத்தில் ஏற்றிய களிமண், வேகம் கூடக்கூட விளிம்பை நோக்கி விரியும். அளவு மீறினால் நிலைகுலையும். அந்த அளவு கைவினைஞரின் விரல்களுக்குத் தெரியும். அத்தகைய வினாவை விண்மீன்களைக் குறித்து எழுப்பி, கணிதத்தால் விடை தேடியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை ரயில்வே கணக்குத் துறை அதிகாரி; சிற்றப்பா சர் சி.வி. ராமன். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குறுமீனாக நிலைத்திருக்க, அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று அப்பயணத்திலேயே கணக்கிட்டார். சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என அவ்வரம்பு இன்று அறியப்படுகிறது.

1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், அன்றைய வானியலின் பெருந்தலைவரான எடிங்டன் அம்முடிவை எள்ளி நகையாடினார். இளைஞர் மனம் நொந்தார். ஆனால், சர்ச்சையில் ஆயுளைக் கழிக்கவில்லை. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம் ஆய்வை 1939இல் நூலாக்கிவிட்டு, விண்மீன்களின் இயக்கத்தை ஆராயத் தொடங்கினார். விண்மீன் கூட்டத்தினூடே செல்லும் ஒரு விண்மீனின் வேகத்தை மற்றவற்றின் ஈர்ப்பே மட்டுப்படுத்தும் என்று 1943இல் விளக்கினார்.

1960களில் அவர் எடுத்துக்கொண்டது, நியூட்டன் தொடங்கிவைத்த பழம்புதிர்: தன் ஈர்ப்பால் மட்டுமே பிணைக்கப்பட்ட திரவ உருண்டை சுழன்றால் என்ன வடிவம் கொள்ளும்? மெதுவாகச் சுழன்றால் துருவங்கள் தட்டையாகும். வேகம் மிகுந்தால், மூன்று அச்சுகளும் சமமற்ற நீள்வடிவமும் இயலும். இவற்றுள் எது சிறு அசைவையும் தாங்கி நிற்கும், எது சிதையும் என்பதே அவர் வினா. 1969இல் வெளிவந்த அவரது நூல் அந்த ஆய்வைத் தொகுத்தளித்தது. சமநிலை வேறு, நிலைபேறு வேறு என்ற பாடம் பொருளியல் பயில்வோருக்கும் உரியது. சந்தையில் விலை ஓரிடத்தில் நிற்பதாலேயே அது அதிர்ச்சியைத் தாங்கும் என்றாகாது.

1983இல் நோபல் பரிசு வந்தது. கப்பலில் போட்ட கணக்குக்கு அப்போது அரை நூற்றாண்டுக்கும் மேலான வயது. நியூட்டனின் பிரின்சிப்பியாவை எளியோருக்கு விளக்கும் நூலை 1995இல் வெளியிட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் மறைந்தார்.

உடனடிப் பயன் என்ன என்று ஒவ்வொரு பாடத்தையும் கேட்கும் காலம் இது. அக்கேள்வி 1930இல் அவரை மறித்திருந்தால், அவரிடம் விடை இருந்திராது. சக்கரத்து மண்ணைப் பார்த்து ஏன் விரிகிறது என்று கேட்கும் மாணவருக்கு, மதிப்பெண் கணக்கை மறந்து சிந்திக்க நம் வகுப்பறைகள் சிறிது நேரம் அளிக்கட்டும்.